பூட்டிய கடைக்கு அடுத்த கடை

பட்டறைத் தெருவில் அவளுக்குப் பெயர் சர்வேக்கா. பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது பள்ளிச் சான்றிதழோடு நின்றுவிட்டது. இருபது வருடமாக ஊரில் உள்ள கதவுகளையெல்லாம் தட்டி, "ஒரு அஞ்சு நிமிஷம் கிடைக்குமா?" என்று கேட்டுக் கேட்டே அந்தப் பெயரைச் சம்பாதித்திருந்தாள். அவளுடைய ஐந்து நிமிடம் முக்கால் மணி நேரம் ஓடும் என்பது ஊருக்கே தெரியும். தெரிந்தும் பதில் சொன்னார்கள். எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டால் அதில் உட்கார்ந்துகொள்வாள், கிரீஸ் படிந்த டம்ளரில் தண்ணீர் கொடுத்தாலும் முகம் சுளிக்காமல் குடிப்பாள், எவ்வளவு அபத்தமான பதிலையும் சொன்னது சொன்னபடியே எழுதிக்கொள்வாள். தான் சொன்னதை ஒருவர் அப்படியே எழுதிக்கொள்வது என்பது, பெரும்பாலான மனிதர்களுக்கு வாழ்நாளில் காவல் நிலையத்தில்கூட வாய்க்காத மரியாதை.

என்ன சோப்பு வாங்குகிறீர்கள், வீட்டில் எத்தனை பேர் சம்பாதிக்கிறார்கள், போன மாதம் யாருக்காவது காய்ச்சல் வந்ததா, அரசாங்கத்தின் மேல் நம்பிக்கை இருக்கிறதா, இருந்தால் அதிகமாகவா, ஓரளவா. யார் யாருக்கோ தேவைப்பட்ட விடைகளை அவள் வெயிலில் நின்று கொண்டுவந்து கொடுத்தாள். அந்த விடைகளை வைத்து அறிக்கைகள் வந்தன. அறிக்கையின் முன்பக்கத்தில் அறிஞர்களின் பெயர்கள் இருக்கும். பின்பக்கத்தில் "களப்பணியாளர்களுக்கு நன்றி" என்று ஒரு வரி இருக்கும். துரத்திய நாய்கள், முகத்தில் அறைந்து சாத்திய கதவுகள், கழிவறை கிடைக்காமல் அடக்கிக்கொண்டு நடந்த தெருக்கள், எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்த ஒரு வரிதான் கூலிக்கு மேல் கிடைத்தது.

அந்த வரியிலிருந்து முன்பக்கத்துக்குப் போகவேண்டும் என்று அவளுக்கு எப்போது தோன்றியது என்று யாருக்கும் தெரியாது. முப்பத்தைந்து வயதில் மாலை நேரக் கல்லூரியில் முதுகலை சேர்ந்தாள். மகளும் அவளும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து படித்தார்கள். மகள் வாய்ப்பாட்டை முடித்து அல்ஜிப்ராவுக்கு வந்தபோது அம்மா முதுகலையை முடித்து ஆய்வு மாணவியாகியிருந்தாள். எந்த ஆய்வு நிறுவனத்துக்காகக் கதவு தட்டினாளோ, அதே நிறுவனத்தில். உள்ளூர்ப் பொருளாதாரத்தில் பொதுக் கொள்கை என்ன செய்கிறது என்பது தலைப்பு.

அவளைச் சேர்த்துக்கொண்டவர் அங்கே துறைத் தலைவராக இருந்த பேராசிரியை. அவரே அவளுக்கு வழிகாட்டியும் ஆனார். சேர்க்கைக் குழுவில் ஒருவர், "இந்த வயசுல இவங்க படிச்சு என்ன பண்ணப் போறாங்க?" என்று கேட்டபோது, "நீங்க உங்க வயசுல படிக்காம என்ன பண்றீங்களோ, அதைவிட நல்லாதான் பண்ணுவாங்க" என்று பேராசிரியை சொன்னதாக நிறுவனத்தில் ஒரு பேச்சு உண்டு. அது உண்மைதான். சர்வேக்கா கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

நிறுவனத்தில் ஆய்வு அலுவலர் வேலை ஒன்று காலியாக இருந்தது. நிரந்தர வேலை. அதற்கு வயது வரம்பு உண்டு. இந்த ஆண்டு விண்ணப்பித்தால் அவள் உள்ளே, அடுத்த ஆண்டு வெளியே. விண்ணப்பத்தோடு, வழிகாட்டியின் கையெழுத்துடன் ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டதற்கான சான்று வேண்டும். இருபது வருட ஒப்பந்தக் கூலிக்குப் பிறகு, விடுப்பு எடுத்தாலும் சம்பளம் வருகிற ஒரு நாற்காலி. அதற்கும் அவளுக்கும் நடுவே நின்றது ஒரு ஆய்வேடு மட்டும்தான்.

ஆய்வேடு எதைப் பற்றியது என்று சொல்லிவிடவேண்டும்.

ஊருக்கு வெளியே மாநகராட்சி ஒரு தொழில் வளாகம் கட்ட இடம் கொடுத்தது. ஒரு தனியார் கம்பெனி அந்த இடத்தை ஏறக்குறைய இலவசமாகவே வாங்கிக் கட்டடம் எழுப்பியது. வரி கிடையாது, சாலை மாநகராட்சி செலவு, தண்ணீர் மாநகராட்சி செலவு. பதிலுக்கு வேலைவாய்ப்பு பெருகும், பழைய பட்டறைத் தெருவும் நெரிசல் குறைந்து செழிக்கும் என்றார்கள். வளாகம் திறப்பதற்கு முன்பு ஒருமுறையும் திறந்து சில வருடம் கழித்து ஒருமுறையும் பட்டறைத் தெருவில் ஆய்வு நிறுவனம் சர்வே எடுத்தது. முடிவு அமோகம். வளாகத்தில் புதிய வேலைகள் உருவாகியிருந்தன. பட்டறைத் தெருவிலும் கடைக்காரர்களின் சராசரி வருமானம் உயர்ந்திருந்தது. யாருக்கும் நஷ்டமில்லாமல் எல்லோருக்கும் லாபம். அப்படி ஒரு முடிவைக் கேட்டால் சந்தேகம் வருவதுதான் பகுத்தறிவு. மாநகராட்சிக்குச் சந்தோஷம் வந்தது. பேராசிரியை கையெழுத்திட்ட அந்த அறிக்கையைக் காட்டி, இன்னொரு தெருவுக்கும் இப்படி ஒரு வளாகம் என்று திட்டம் போட ஆரம்பித்தார்கள்.

பழைய தெரு எப்படிச் செழித்தது என்பதைக் கண்டுபிடிப்பது சர்வேக்காவின் வேலை. செழித்ததா என்பது அவளுடைய கேள்வியே இல்லை. அது முடிந்துபோன கேள்வி.

தெருவில் மூன்றுக்கு ஒரு பட்டறை என்ற கணக்கில் பழைய கடைப் பட்டியலை எடுத்துக்கொண்டு போனாள். ஒரு லேத் பட்டறை பூட்டியிருந்தது. யோசிக்காமல் பக்கத்து வெல்டிங் கடைக்குள் நுழைந்தாள். கால்களுக்குப் பழகிய பாதை அது. நிறுவனத்தின் களக் கையேட்டில் உள்ள விதி: பூட்டியிருந்தால் அடுத்த கதவு. இருபது வருடத்தில் இந்த விதியின்படி அவள் எத்தனை கதவு மாறியிருப்பாள் என்பதற்குக் கணக்கே இல்லை.

வெல்டிங்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"வா சர்வேக்கா. உன் லிஸ்ட்ல என் கடை இருக்கா?"

"இல்லண்ணே. இடது பக்கக் கடை. பூட்டியிருக்கு. அதுக்குப் பதிலா நீங்க."

"அதானே பாத்தேன். போன தடவை வந்த ஆளு, வலது பக்கம் பூட்டியிருக்கு, அதுக்குப் பதிலா நீங்கன்னு உக்காந்தான். இப்ப நீ இடது பக்கத்துக்கு வந்து நிக்கிற. நான் என்ன, தெருவுக்கே ஸ்டெப்னியா?"

"கோவப்படாதீங்கண்ணே. அஞ்சே நிமிஷம்."

"உன் அஞ்சு நிமிஷம் தெரியாதா? கேளு, கேளு."

"தொழில் எப்படிப் போகுது?"

"ஜோரா போகுது. வலது பக்கத்தான் மூடினான், அவன் கஸ்டமர் பாதி நம்மகிட்ட. இடது பக்கத்தான் மூடினான், மீதியும் நம்மகிட்ட. இன்னும் ரெண்டு பேர் மூடினா காரே வாங்கிடுவேன். எழுதிக்கோ."

அவள் சிரித்துக்கொண்டே "வருமானம்: உயர்ந்துள்ளது" என்ற கட்டத்தில் டிக் போட்டாள். போட்ட பிறகு பேனா அங்கேயே நின்றுவிட்டது.

"என்னக்கா, மை தீந்துடுச்சா?"

"இல்லண்ணே" என்றாள். பிறகு வெளியே வந்து தெருவில் நின்றாள். இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தாள். இழுத்து விட்ட ஷட்டர்கள் தெரிந்தன. எப்போதும் தெரிந்தவைதான். ஆனால் அவள் கண் அவற்றை இத்தனை நாளும் தாண்டிப் போகப் பழகியிருந்தது. சர்வே எடுப்பவருக்குப் பூட்டிய கதவு என்பது தகவலே அல்ல, இடைஞ்சல்.

வீடு பூட்டியிருந்தால் வீட்டுக்காரர் கடைக்குப் போயிருப்பார். அவருக்குப் பதில் பக்கத்து வீட்டில் கேட்டால் பெரிய பிழை வந்துவிடாது. கடை பூட்டியிருந்தால் கடைக்காரர் தொழிலை விட்டே போயிருப்பார். வீட்டுக்கு எழுதிய விதியைக் கடைத்தெருவுக்குக் கொண்டுவந்ததில், தோற்றவர்கள் ஒவ்வொருவருக்கும் பதிலாகப் பிழைத்தவர் ஒருவர் உட்கார்ந்துவிட்டார். அதுவும் தோற்றவரின் வாடிக்கையாளர்களையே வாரிக்கொண்டு பிழைத்தவர். தெருவில் எத்தனை பேர் மூடுகிறார்களோ அந்த அளவுக்குத் தெரு செழிக்கும். எல்லோரும் மூடி ஒரே ஒருவர் மிஞ்சினால் அந்தத் தெருதான் ஊரிலேயே பணக்காரத் தெரு.

யாரும் பொய் சொல்லவில்லை. யாரும் எண்ணை மாற்றவில்லை. கெட்டவன் ஒருவனாவது இருந்தால் பிடித்து நிறுத்திக் கேள்வி கேட்கலாம். இங்கே இருந்தது ஒரு விதியும், அதைக் கேள்வி கேட்காமல் நடந்த கால்களும். அவற்றில் அவளுடைய கால்களும் உண்டு.

அன்றிலிருந்து அவள் வேலையைத் திருப்பிப் போட்டாள். திறந்த கடைகளை விட்டுவிட்டுப் பூட்டியவற்றை வரிசைப்படுத்தினாள். பக்கத்துக் கடைகளில், "இவர் எங்க போனாருண்ணே?" என்று கேட்டாள். பதில்கள் அரைகுறையாக வந்தன. மச்சான் ஊருக்குப் போனார், டிரைவராகப் போனார், போனார். அந்த அரைகுறை நூலைப் பிடித்துக்கொண்டு, பஸ் மாறி பஸ் ஏறி, ஒவ்வொருவராகத் தேடிப் போனாள்.

மோட்டார் காயில் கட்டிக்கொண்டிருந்தவரைத் தேடிப் பல இடம் அலைந்து கடைசியில் வளாகத்தின் வாசலிலேயே பார்த்தாள். ஒரு அளவு பெரிய சீருடையில், கையில் விசிலோடு, லாரிக்கு வழிவிட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, பட்டறைத் தெருவுல மோட்டார் காயில் கட்டினது நீங்கதானே?"

"அது போன ஜென்மம்மா."

"கடையை ஏன் மூடினீங்க?"

"நான் எங்க மூடினேன்? லாரி உள்ள வரக்கூடாதுன்னு தெருவை ஒருவழி ஆக்கினாங்க. லாரி வரலன்னா மோட்டார் வராது. மோட்டார் வரலன்னா நான் எதைக் கட்டுவேன், என் பொண்டாட்டி தலைமுடியையா?" லாரிக்காரனிடம் விசிலை ஊதிவிட்டுத் திரும்பினார். "சரின்னு இங்க வந்து ஒரு ரூம் கேட்டேன். வாடகையைச் சொன்னாங்க. மரியாதையா வெளிய வந்தேன். வர்ற வழியில கேட்ல ஆள் தேவைன்னு போர்டு. உள்ள வர முடியல, வாசல்லயாவது நிப்போமேன்னு சேர்ந்துட்டேன்."

"எங்க ஆய்வு நிறுவனத்துலேர்ந்து யாராவது உங்களைக் கேள்வி கேட்டாங்களா?"

"கேட்டாங்களே. இது புது வேலையான்னு கேட்டாங்க. ஆமான்னேன். எனக்குப் புதுசுதானே?"

அறிக்கையில் "உருவான வேலைகள்" என்ற தலைப்பின் கீழ் அவர் ஓர் எண்ணாக இருந்தார். ஒரு பட்டறை முதலாளி செத்து ஒரு காவலாளி பிறந்திருந்தார். பதிவானது பிறப்பு மட்டும்.

"வருத்தமா இருக்காண்ணே?" என்று கேட்டாள். வரிசைக் கேள்விகளில் இல்லாத கேள்வி.

"உனக்கு எது வேணும்? வருத்தமான பதிலா, உண்மையான பதிலா?"

"உண்மையானது."

"அப்ப எழுது. மாசம் பொறந்தா சம்பளம் வருது. ராத்திரி தூக்கம் வருது. கடை வச்சிருந்தப்ப ரெண்டும் நிச்சயம் இல்ல. ஆனா உள்ள எங்கயாவது மோட்டார் கருகுற வாடை வந்தா, இந்தக் கை இருக்கு பாரு, இது சும்மா இருக்க மாட்டேங்குது." விசில் பிடித்த கையைப் பார்த்துக்கொண்டார். "போம்மா, சூப்பர்வைசர் பாக்குறான்."

அவள் இரண்டையும் எழுதிக்கொண்டாள். நிம்மதியையும் கையையும். தனக்கு வேண்டிய பாதியை மட்டும் எடுத்துக்கொள்ள அவளுக்குத் தெரியாமல் இல்லை. அந்த வித்தையைப் படித்தவர்களோடு இருபது வருடம் இருந்தவள்தான்.

இப்படிச் சேர்ந்ததுதான் நாலாவது அத்தியாயம். அதை நிறுவனத்தில் ஒரு பிற்பகல் வாசித்துக் காட்டினாள். மாநகராட்சியிலிருந்து வந்திருந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வளர்ச்சின்னு வந்தா சில பேரு தலையெழுத்து அப்படித்தாம்மா" என்றார். தலையெழுத்து என்ற சொல் எதற்கு உதவும் என்றால், எழுதியவனைத் தேடாமலிருக்க உதவும். தெருவை ஒருவழியாக்கிய தீர்மானத்தில் எழுதியவரின் கையெழுத்து, பதவி முத்திரையோடு இருந்தது. எதிரே உட்கார்ந்திருந்தவருடையதே அது. சர்வேக்கா அதை அவரிடம் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை, திரையில் அடுத்த படத்துக்குப் போனாள். அவர் தேநீர் குடிக்காமல் எழுந்து போனார்.

மறுநாள் பேராசிரியை கூப்பிட்டனுப்பினார்.

அவருடைய அறையில் சுவர் முழுக்க மற்றவர்களின் ஆய்வேடுகள், கறுப்பு அட்டையும் தங்க எழுத்துமாக. மேசையில் சர்வேக்காவின் ஆய்வேடு, இன்னும் அட்டை போடாமல், கிளிப் போட்டு இருந்தது.

"உக்காரு. நல்லா எழுதியிருக்க. நிஜமாவே நல்லா எழுதியிருக்க. நாலாவது அத்தியாயம் மட்டும் இடம் மாறணும்."

"எங்க மேடம்?"

"கடைசிக்கு. ஆய்வின் வரம்புகள்ல. ரெண்டு பக்கமா சுருக்கி."

ஆய்வேடுகளில் "வரம்புகள்" என்று ஒரு பகுதி உண்டு. நேரம் போதவில்லை, எல்லோரையும் பார்க்க முடியவில்லை என்று ஆய்வாளர் அடக்கமாகச் சொல்லிக்கொள்ளும் இடம். அதை எழுதியவரும் தட்டச்சு செய்தவரும் தவிர யாரும் படித்ததாகச் சரித்திரம் இல்லை. ஒரு உண்மையைக் கொல்லாமல் புதைக்க அதைவிட நல்ல இடம் கிடையாது.

"அது வரம்பு இல்ல மேடம். அதுதான் விடை."

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றினார். "பூட்டியிருந்தா அடுத்த கதவுங்கற விதி யார் எழுதினதுன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும் மேடம். நீங்க."

"இருபத்தாறு வயசுல எழுதினேன். வீடு வீடா போற சர்வேக்கு. அப்ப எவ்வளவு பாராட்டினாங்க தெரியுமா? வேலை சீக்கிரம் முடியுதுன்னு." கண்ணாடியை மேசையில் வைத்தார். "தப்புதான். ஒத்துக்குறேன். இப்ப உன் அத்தியாயத்துக்கு வருவோம். பூட்டின கடை எத்தனை?"

"நாப்பத்தொண்ணு."

"எத்தனை பேரைக் கண்டுபிடிச்ச?"

"முப்பது பேர்."

"மீதிப் பதினோரு பேர்?"

"கிடைக்கல மேடம். எல்லா இடத்துலயும் விசாரிச்சேன்."

"நீ அலைஞ்சதைக் கேக்கல. கிடைக்காதவங்களைக் கணக்குல என்ன பண்ணின?"

பேராசிரியை ஒரு பக்கத்தைத் திருப்பி விரலை வைத்தார்.

"கிடைச்ச முப்பது பேரோட சராசரியை அவங்களுக்கும் போட்டுட்ட. பூட்டின கடைக்குப் பதிலா நான் பக்கத்துக் கடையை எடுத்தேன். காணாமப் போன ஆளுக்குப் பதிலா நீ கிடைச்ச ஆளை எடுத்த. அந்தப் பதினோரு பேர் வெளியூர்ல ஓகோன்னு இருக்கலாம். அதனாலதான் இங்க யாருக்கும் முகவரி தெரியாம இருக்கலாம். சொல்லு, உன் தப்புக்கும் என் தப்புக்கும் என்ன வித்தியாசம்?"

அவள் அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். அவளே எழுதியது. எழுதும்போது அது சரியாக இருந்தது. ஏனென்றால் அவளுக்குப் பிடித்த முடிவை அது தந்தது.

"வித்தியாசம் இல்ல மேடம்" என்றாள்.

பேராசிரியையின் குரல் இறங்கியது. "இங்க பாரும்மா. உன்னைக் கவுக்கணும்னு சொல்லல. அரைகுறையான அத்தியாயத்தைப் பின்னாடி தள்ளுறதுல தப்பு இல்ல. தள்ளு, நான் இப்பவே கையெழுத்துப் போடுறேன். வெள்ளிக்கிழமை கடைசி நாள். வேலை உனக்குத்தான், குழுகிட்ட பேசிட்டேன். அப்புறம் உள்ள இருந்துக்கிட்டு எவ்வளவு வேணா தேடு. உண்மை எங்கயும் ஓடிப்போகாது. வயசு ஓடிப்போகும்."

அதில் வஞ்சகம் இல்லை. சொன்னதை அவர் நம்பினார். நல்லவர்கள் ஒத்திப்போடும் நியாயம்தான் உலகத்தில் அதிகம் குவிந்து கிடக்கிறது. கெட்டவர்கள் மறுத்த நியாயம் அதன் பக்கத்தில் சின்ன மேடு.

வீட்டில் நாத்தனார் வந்திருந்தார். கணவரின் அக்கா. வாரத்தில் ஒருநாள் தம்பி வீட்டைப் பார்வையிட வருவார்.

"என்ன, படிப்பு முடிஞ்சுதா? என் பையன் ஒண்ணாவது சேர்ந்தப்ப நீ ஆரம்பிச்ச. அவனுக்கு மீசை வந்துடுச்சு."

"வெள்ளிக்கிழமை முடியலாம் அண்ணி. முடியாமலும் போகலாம்."

"முடியலாம், முடியாமலும் போகலாம்! இதுக்கா இத்தனை வருஷம்? எங்க வீட்டுக்காரர்கூட இதைவிடத் தெளிவாப் பேசுவாரு."

கணவர் அச்சகத்தில் மெஷின் ஓட்டுபவர். நகத்தடியில் மை போகாத மனிதர். சட்டையைக் கழற்றியபடியே விஷயத்தைக் கேட்டார். பேராசிரியை சொன்னதை அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள், தன் தப்பையும் சேர்த்து.

"அப்ப அவங்க சொல்றது சரியா?" என்றார்.

"என் தப்பைப் பத்திச் சொன்னது சரி. பின்னாடி தள்ளுன்னு சொன்னது சரியில்ல."

"தள்ளினா?"

"அந்த அறிக்கை நிக்கும். அடுத்த தெருவையும் இதே மாதிரி ஒருவழி ஆக்குவாங்க."

"தள்ளலன்னா நிறுத்திடுவாங்களா?"

அவள் யோசித்துவிட்டு, "மாட்டாங்க" என்றாள்.

நாத்தனார் கையைத் தட்டிச் சிரித்தார். "அடடா! அப்ப வேலையும் போயி, ஒண்ணும் ஆகவும் ஆகாது. இதுக்குப் பேரு படிப்பா? எனக்குத் தெரியாம கேக்குறேன், அந்தப் பதினோரு பேரும் உனக்கு மாமனா, மச்சானா?"

"யாருமில்ல அண்ணி."

"அப்புறம் என்ன?"

"யாருமில்லங்கறதாலதான் அவங்களை யாரும் தேடல."

கணவர் கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். "எனக்கு உன் சம்பளம் வந்தா நல்லாருக்கும்" என்றார், குழாயைப் பார்த்தபடியே. "பொய் சொல்ல மாட்டேன். பொண்ணு காலேஜ் இருக்கு." குழாயை மூடினார். "ஆனா தப்பா அச்சான தாளை அடுக்கோட நடுவுல செருகி அனுப்புற ஆளு ஒருத்தன் எங்க பிரஸ்ல இருக்கான். அவன்கூட நான் சாப்பிட உக்கார்றதில்ல. நீயே பாத்துக்கோ."

அவள் பார்த்துக்கொண்டாள். மறுநாள் பேராசிரியையிடம் போய், நாலாவது அத்தியாயம் அங்கேயேதான் இருக்கும், ஆனால் பதினோரு பேரைத் தேடி முடிக்காமல் சமர்ப்பிக்கப் போவதில்லை என்று சொன்னாள். பேராசிரியை கோபப்பட்டார். பிறகு, "உன்னை நான் சேர்த்திருக்கவே கூடாது" என்றார். பிறகு, வெளியூர் போவதற்கான அனுமதியில் கையெழுத்துப் போட்டார். மூன்றும் ஒரே மூச்சில் நடந்தன.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பதினோரு பேரில் இரண்டு பேர் இறந்துபோயிருந்தார்கள். ஒருவர் அவளைப் பார்த்ததும், "உங்க கணக்குல நான் வேண்டாம்" என்று கதவைச் சாத்திவிட்டார். அவருடைய இடத்தை அவள் காலியாகவே விட்டாள், எந்தச் சராசரியையும் போட்டு நிரப்பவில்லை. மற்றவர்கள் கிடைத்தார்கள். எல்லோரையும் சேர்த்த பிறகு, அவள் முதலில் எழுதியதைவிட இழப்பு குறைவாகத் தெரிந்தது. ஆனால் தெரு செழிக்கவில்லை, இளைத்திருந்தது என்பது அசைக்கமுடியாமல் நின்றது. அடுத்த ஆண்டு பட்டம் வந்தது. பேராசிரியை ஓய்வு பெறுமுன் களக் கையேட்டில் அந்த விதியைத் திருத்தினார். யார் சொல்லித் திருத்தினார் என்று அதில் இல்லை. இரண்டாவது வளாகம் கட்டப்பட்டது. அதன் திட்ட அறிக்கை பழைய அறிக்கையைத்தான் ஆதாரம் காட்டியது. ஆய்வு அலுவலர் வேலை, வயது வரம்புக்குள் இருந்த ஒருவருக்குப் போயிற்று. கெட்டிக்காரர்தான். முனைவர் ஆன சர்வேக்கா ஒப்பந்தக் கூலிக்கே திரும்பினாள். அதைத் தலைவிதி என்று அவள் சொல்லிக்கொள்ளவில்லை. வயதுக்கும் அறிவுக்கும் சம்பந்தம் இருப்பதாக நினைத்த ஏதோ ஒரு குழு, ஏதோ ஒரு கூட்டத்தில் எழுதிய விதிமுறை அது. எழுதியதை அழிக்கலாம் என்பது அவளுக்குத் தெரியும். அழிக்கச் சொல்லி மனு போட்டிருக்கிறாள்; பதில் வரவில்லை, மறுபடியும் போட்டிருக்கிறாள்.

விண்ணப்பத்துக்குக் கடைசி நாளான அந்த வெள்ளிக்கிழமை அவள் ஊரில் இல்லை. இரண்டு பஸ் மாறி, வேறொரு நகரத்தின் சந்தடியான சாலையில் நின்றுகொண்டிருந்தாள். பட்டறைத் தெருவில் லேத் வைத்திருந்தவர் இங்கே இருப்பதாக அவருடைய பழைய வேலையாள் சொல்லியிருந்தான். முகவரி சரியாக இல்லை. மூன்று கடைகளில் விசாரித்து, ஒரு சந்துக்குள் திரும்பி, பார்த்ததும் நின்றுவிட்டாள்.

கைபேசி அடித்தது. கணவர்.

"எங்க இருக்க?"

"சந்துல."

"ஆபீஸ் மூடியிருப்பாங்க இந்நேரம்."

"ம்."

"ஆள் கிடைச்சாரா?"

"கிடைச்சுட்டாரு. பெரிய பட்டறைங்க. நம்ம தெருவுல இருந்ததைப்போல மூணு மடங்கு. புது மெஷின் ரெண்டு. பத்துப் பேர் வேலை செய்யுறாங்க. வாசல்ல கூட்டம் நிக்குது."

மறுமுனையில் அச்சு இயந்திரம் தடதடவென்று ஓடும் சத்தம் கேட்டது. பிறகு கணவரின் குரல், கவனமாக:

"அப்ப உன் கணக்குக்கு எதிரா இருக்கே."

"ஆமாங்க. நல்லா எதிரா இருக்கு."

"இதுக்காகவா வெள்ளிக்கிழமையை விட்ட?"

"இதுக்காகவும்தான்."

அவர் சிரித்தாரா பெருமூச்சு விட்டாரா என்று இயந்திரச் சத்தத்தில் தெரியவில்லை. "சாப்பிட்டியா?" என்றார்.

"இல்ல. முடிச்சுட்டுச் சாப்பிடுறேன். வச்சிடுங்க, அவரு இந்தப் பக்கம் பாக்குறாரு."

கைபேசியைப் பைக்குள் போட்டாள். வியாபாரத்துக்கு வந்தவர்களைத் தள்ளிக்கொண்டு போகாமல், அவர்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றாள். அவளுடைய முறை வந்தபோது பட்டறைக்காரர் துணியில் கையைத் துடைத்தபடி, என்ன வேண்டும் என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

"ஒரு அஞ்சு நிமிஷம் கிடைக்குமாண்ணே?" என்றாள்.